குப்ஃபர் செல்லைப் படிக்க இரத்தத்தின் பின்னாலேயே போங்கள்

முதல் வருட எம்.பி.பி.எஸ். இன்டர்னல் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கிருமிகளை விழுங்கும் குப்ஃபர் செல்லைப் பற்றி மேடம் கேட்டது ஒரே கேள்விதான். "குப்ஃபர் செல் எங்கே இருக்கும்?" கல்லீரலில் என்றேன். "கல்லீரலில் எந்த இடத்தில்?" டிஸ்ஸே இடைவெளியில் (இரத்தப் பாதையின் சுவருக்கும் கல்லீரல் செல்களுக்கும் நடுவே உள்ள இடுக்கு) என்றேன், அதோடு வைவா முடிந்தது. பெயர், வேலை, எண்ணிக்கை எல்லாம் மனப்பாடமாக இருந்தும் இடம் தெரியாமல் போனது ரொம்ப நாள் உறுத்தியது.

அப்புறம் படிக்கும் முறையையே மாற்றினேன். குடலில் இருந்து கிளம்பும் இரத்தத்தோடு கூடவே போவது. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய 75 சதவீதம் போர்ட்டல் வெயின் என்ற, குடலில் இருந்து வரும் இரத்தக் குழாய் வழியாக வருகிறது, அதில் சத்துகளோடு குடல் பாக்டீரியாவின் துணுக்குகளும் சேர்ந்தே வரும். அந்த இரத்தம் சைனுசாய்டு என்ற குறுகலான பாதையில் மெதுவாக நகரும்போது, பாதையின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, இரத்தத்திலேயே கையை நீட்டி நிற்பதுதான் குப்ஃபர் செல். உடம்பின் திசுக்களில் தங்கியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்களில் 80 முதல் 90 சதவீதம் இவைதான் என்று படித்திருப்பீர்கள். இத்தனை காவல் ஏன் இங்கே என்பது அந்த வழியில் போனால் தானாகப் புரியும்.

ஹிஸ்டாலஜி லேபில் இந்தியன் இங்க் செலுத்திய எலியின் கல்லீரல் ஸ்லைடு இருந்தால் கட்டாயம் பாருங்கள். இளஞ்சிவப்பு ஹெப்படோசைட் (கல்லீரலின் முதன்மைச் செல்) வரிசைகளுக்கு நடுவே வெளிறிய சந்துகள், அந்தச் சந்துகளில் மட்டும் கரிய திட்டுகள். மையை விழுங்கிய குப்ஃபர் செல்கள் அவை. அதைப் பார்த்த பிறகு எனக்கு இடம் மறந்ததே இல்லை.

நான் சொன்ன டிஸ்ஸே இடைவெளியில் இருப்பது வைட்டமின் ஏ சேமிக்கும் ஸ்டெல்லேட் செல். இந்தக் குழப்பம் பழையது. 1876-இல் குப்ஃபர் தங்கச் சாயம் போட்டுக் கண்ட நட்சத்திரச் செல்கள் உண்மையில் இவைதான், விழுங்கும் செல்களையும் அவர் இவற்றோடு ஒன்றாக்கிவிட்டார். 1898-இல் பிரோவிச் என்ற போலந்து மருத்துவர் விழுங்கும் செல்களைச் சரியாக விவரித்தார், 1971-இல் வாகே என்ற ஜப்பானிய ஆய்வாளர் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்.

நோய்களைப் படிக்கும் பேத்தாலஜிக்கும் இதே வழிதான். குடிப்பழக்கத்தில் குடல் சுவர் தளர்கிறது, பாக்டீரியா நச்சு அதிகமாக வருகிறது, குப்ஃபர் செல் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிச் சமிக்ஞையை வெளியிடுகிறது, நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் உள்ளே குவிகின்றன. தொடர்ந்து வரும் டி.ஜி.எஃப். பீட்டா என்ற இன்னொரு சமிக்ஞை அடுத்த வீட்டு ஸ்டெல்லேட் செல்லை எழுப்ப, அது கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கொட்ட, ஃபைப்ரோசிஸ், அதாவது தழும்பு. குடியை நிறுத்தினால் அதே மேக்ரோஃபேஜ் கூட்டம் என்சைம்களை விட்டு தழும்பைக் கரைக்கவும் உதவும், இதை எழுதாமல் விடாதீர்கள். ஹெப்படைடிஸ் பி வேறு கதை: அங்கே செல்லைக் கொல்வது பெரும்பாலும் வைரஸ் இல்லை, வைரஸ் புகுந்த ஹெப்படோசைட்டைத் தேடி வரும் சிடி8 டி செல் என்ற எதிர்ப்புச் செல்.

சரி, தேர்வுக்கு முந்தின இரவு புத்தகத்தைத் திறக்க வேண்டாம். வெள்ளைத்தாளில் ஒரு சைனுசாய்டு வரைந்து, ஒவ்வொரு செல்லையும் அதனதன் இடத்தில் வையுங்கள். ஸ்டெல்லேட் செல்லைச் சுவருக்கு வெளியே வரைந்தீர்களா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.