அக்கா மகளுக்குக் கட்டிய அருவிப் பொக்கே: மூன்று முயற்சிகளின் குறிப்பு

ஈஸ்டர் முடிந்த இரண்டாம் வாரத்தில் நாகர்கோவிலில் அக்கா மகளின் திருமணம் நடந்தது. ஆலயத்துக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் பல ஆண்டுகளாகப் பூ அலங்காரம் செய்து பழகியவள் என்ற உரிமையில், மணப்பெண்ணின் கைப் பொக்கேயை நானே கட்டித் தருவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வழக்கமான உருண்டைப் பொக்கே அவளுக்கு வேண்டாம். மேலே அடர்ந்து, கீழே போகப்போக மெலிந்து இறங்கும் அருவிப் பொக்கேதான் வேண்டும் என்றாள். அதை நான் அதற்கு முன் கட்டியதில்லை.

அவள் காட்டிய படம், 1981 ஜூலை 29 அன்று இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் நடந்த தன் திருமணத்தில் இங்கிலாந்து இளவரசி டயானா ஏந்தியிருந்த பொக்கே. கார்டீனியா, ஸ்டெஃபனோட்டிஸ் என்ற மெழுகுபோன்ற சிறு வெள்ளைப் பூ, ஆர்க்கிட், ஃப்ரீசியா, பொன்மஞ்சள் மவுண்ட்பேட்டன் ரோஜா எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 42 அங்குல நீளம் இறங்கிய பொக்கே அது. பெரிய கைகளும் 25 அடி நீளப் பின்தொங்கலும் கொண்ட கவுனுக்கு முன்னால் அந்த அளவு பொருந்தியது. எங்கள் பெண்ணோ 5 அடி 1 அங்குலம். தரையிலிருந்து அவள் கை நிற்கும் உயரம் 37 அங்குலம்தான். உடுத்தப் போவதும் சந்தன நிறப் பட்டுப்புடவை. புடவையில் முன்கொசுவமும் முந்தானையும் ஏற்கெனவே நேர்கோடாக இறங்கிக்கொண்டிருக்கின்றன; அவற்றின்மேல் வெள்ளைப் பூக்களே இன்னொரு கோடாக இறங்கினால், ஆலயத்தின் பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் பொக்கே இருப்பதே தெரியாது. ஆகவே பூவின் பெயர்களைப் பேசுவதற்கு முன் அளவையும் நிறத்தையும் முடிவு செய்தோம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை அவள் கையில் கொடுத்து, 30, 24, 18 அங்குலத்தில் வெட்டிய காகிதங்களை ஒவ்வொன்றாக அதில் ஒட்டிப் படம் எடுத்தோம். 30 முழங்காலில் இடித்தது. 18 உருண்டைப் பொக்கேக்கு வால் முளைத்ததுபோல் இருந்தது. பிடிக்கு மேலே 8, கீழே 16 என்று 24 அங்குலமே அவளுக்கு அமைந்தது. நிறம் வெளிர் பீச், ஓரங்களில் தெளிவான பச்சை.

முதல் முயற்சியில், ஒயாசிஸ் என்னும் தண்ணீர் உறிஞ்சும் நுரைக்கட்டி பொருத்திய பிளாஸ்டிக் ஹோல்டரில் ரோஜாவும் கார்னேஷனும் குத்தினேன். அவசரத்தில் ஒயாசிஸைத் தண்ணீருக்குள் கையால் அமுக்கிவிட்டேன். அது தானாக மூழ்க வேண்டும். அமுக்கினால் உள்ளே காற்று சிக்கி நடுப்பகுதி காய்ந்தே இருக்கும், அந்த இடத்தில் குத்திய பூ தண்ணீர் குடிக்காது. ஒரு தண்டைப் பிடுங்கி அதே துளையில் திரும்பச் செருகினாலும் இதே கதிதான். அன்று மாலையே நான்கு ரோஜாக்கள் தலை தொங்கின. அதைவிடப் பெரிய குறை எடை. சமையலறைத் தராசில் 1 கிலோ 150 கிராம் காட்டியது. “கையை முன்னால இழுக்கு சித்தி” என்று அவள் இரண்டே நிமிடத்தில் கீழே வைத்துவிட்டாள். விறைப்பான கார்னேஷன் தண்டுகளும் வளைந்து இறங்காமல் முன்புறமாக நீட்டிக்கொண்டு நின்றன.

இரண்டாம் முறை ஒயாசிஸையே விட்டுவிட்டு, ஒவ்வொரு பூவையும் கம்பியில் ஏற்றினேன். இறங்கும் பகுதிக்கு மல்லிகைச் சரங்களைத் தொங்கவிட்டபோது, எடையும் குறைந்தது, பார்க்கவும் நம் ஊர்ப் பொக்கேயாக இருந்தது. காலை 6 மணிக்குக் கட்டியதைத் திருமண நேரம்வரை வைத்துப் பார்க்க வேண்டும் என்று மச்சு அறையின் குளிர்ந்த மூலையில் வைத்தேன். அங்கே வைக்கோலில் மாம்பழம் பழுத்துக்கொண்டிருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு கார்னேஷனுக்கு ஆகாது. மறுநாள் பார்த்தபோது அதன் இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டு, தூங்குவதுபோல் மூடியிருந்தன. மல்லிகை அதற்கு முன்பே, முதல் நாள் நண்பகலிலேயே, விரிந்து ஓரம் பழுப்பேறிவிட்டது.

தோவாளைச் சந்தையில் எனக்கு வழக்கமாகப் பூ கொடுக்கும் அம்மாளிடம் இதைச் சொன்னேன். “எக்கா, மல்லிய தொங்கவிட்டா உச்சைக்குள்ள நிறம் மாறிரும். சம்பங்கி மொட்டக் கோருங்க” என்றார். மெழுகு பூசியதுபோன்ற தடித்த வெண்ணிற மொட்டு அது. இங்கிலாந்தில் ஸ்டெஃபனோட்டிஸ் செய்யும் வேலையை நமக்குச் சம்பங்கி செய்யும் என்பது, அதைக் கையில் உருட்டிப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த முழு முயற்சியிலும் எனக்குக் கிடைத்த மிக நல்ல ஆலோசனை அதுவே.

மூன்றாவது பொக்கேயை நுனியிலிருந்து தொடங்கினேன். ஆர்க்கிட் கொத்தின் கடைசி மொட்டை முதலில் வைத்து, அதற்கு இரண்டு அங்குலம் மேலே இரண்டு சம்பங்கி மொட்டுகள், அதற்கு மேலே அடுத்த ஆர்க்கிட் கிளை என்று, சடைக்குப் பூ வைப்பதுபோல் மேல்நோக்கி ஏறினேன். டென்ட்ரோபியம் ஆர்க்கிட் இயல்பாகவே வளைந்து தொங்கும் கொத்து என்பதால் கம்பியை வற்புறுத்தி வளைக்க வேண்டியிருக்கவில்லை. தண்டும் கம்பியும் மறையச் சுற்றும் பச்சை டேப், இழுத்துச் சுற்றும்போது மட்டுமே ஒட்டும்; அதிலுள்ள மெழுகு இழுவையில்தான் பிசுபிசுப்பாகிறது. ஆகவே இடது விரல்களால் தண்டை உருட்டி, வலது கையால் டேப்பைச் சாய்வாகக் கீழே இழுத்தபடியே போக வேண்டும். ஓசூர் ரோஜாக்களை மேல் மூன்றில் ஒரு பகுதியில் மட்டும், காம்புத் தலையில் கம்பி குத்தி இரு முனையையும் கீழே மடக்கி, நெருக்கமாக வைத்தேன். ஓரமெல்லாம் தண்ணீர்விட்டான் கொடியின் மெல்லிய தழை. 14 ரோஜா, 9 ஆர்க்கிட் கொத்து, சம்பங்கி மொட்டுகள் எல்லாம் சேர்ந்து 480 கிராம். பிடியை உடலை நோக்கிச் சற்று வளைத்ததும் பொக்கே முன்னால் கவிழாமல் புடவையோடு படிந்து நின்றது.

பிடிக்கும் முறையையும் அவளுக்குப் பழக்கினேன். பதற்றத்தில் எல்லா மணப்பெண்களும் பொக்கேயை நெஞ்சுவரை தூக்கிவிடுகிறார்கள். மணிக்கட்டு இடுப்பெலும்பில் சாய்ந்திருந்தால் கையும் வலிக்காது, இறங்கும் நீளமும் முழுமையாகத் தெரியும். தாலி கட்டிய பின் கழுத்தில் மாலை ஏறுவதால், அதன் குஞ்சத்தில் சிக்காதபடி இன்னும் இரண்டு விரல் தாழ்த்திப் பிடிக்க வேண்டும் என்பதையும் மாலை போட்டே பார்த்து வைத்தோம்.

திருமணத்துக்கு முந்தைய இரவு 9 மணிக்கு உட்கார்ந்து 1 மணிக்கு முடித்தேன். குளிர்சாதனப் பெட்டியின் குளிர் ஆர்க்கிட் இதழில் நீர்க்கறை விழச் செய்யும் என்பதால், ஈரத்துணியைப் பிழிந்து மேலே போர்த்தி, ஏசி அறையில் ஒரு ஜாடியின் வாயில் தொங்கவிட்டேன். இறங்கும் பகுதி எதிலும் படாமல் இருந்தால்தான் அதன் வளைவு கெடாது.

ஆலயத்தில் தாலி கட்டும் வேளையில் தோழியிடம் கொடுத்து வாங்கியதில் ஒரு மொட்டும் உதிரவில்லை. வரவேற்பு முடிந்த 3 மணிக்கு ரோஜாவின் வெளியிதழ்கள் தளர்ந்திருந்தன. சம்பங்கியில் சில மொட்டுகள் கையிலேயே விரிந்து மணத்தன. கம்பியை அவிழ்த்து நான் தண்ணீரில் வைத்த ஆர்க்கிட்டுகள் ஆறாம் நாளான இன்றும் என் மேசைமேல் அப்படியே இருக்கின்றன.