ஒரு எழுத்துக்கு நாலு மார்க்

எங்கள் ஸ்பானிஷ் கால் சென்டரில் பதிவான அந்த அழைப்பை இதுவரை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஆடிட்டுக்காக, அதாவது மார்க் போடுவதற்காக, கேட்டது ஒரே முறைதான். மற்றதெல்லாம் எனக்காக.

மெக்சிகோ சிட்டியில் பிற்பகல் 3 மணி, நமக்கு அதிகாலை 2.30. இறந்துபோன கணவரின் மொபைல் இணைப்பை ரத்து செய்ய ஒரு அம்மா கூப்பிடுகிறார். போனை எடுத்த எங்கள் டீம் பெண் எல்லாவற்றையும் சரியாகவே சொல்கிறாள். ‘இறப்புச் சான்றிதழ் வந்ததும்’ என்ற இடத்தில் ‘குவாந்தோ யேகே’ என்கிறாள். இன்னும் நடக்காத காரியம், அதனால் சப்ஜங்க்டிவ், அதாவது நடக்காததற்கும் வேண்டுதலுக்கும் வரும் வினைவடிவம். ‘வருகிறது’ என்னும் சாதாரண ‘யேகா’வைச் சொல்லி அங்கே தடுக்கி விழாத புது ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இவள் விழவில்லை. அப்புறம் கடைசியில்:

“லமென்தோ லோ தே சு எஸ்போசோ, கே தெஸ்கான்சா என் பாஸ்.”

‘உங்கள் கணவரை நினைத்து வருந்துகிறேன், அவர் அமைதியில் ஓய்வெடுக்கட்டும்’ என்றுதான் வழக்கமாகச் சொல்வோம். ‘தெஸ்கான்சா’ என்றால் ‘ஓய்வெடுக்கிறார்’. வந்திருக்க வேண்டியது ‘தெஸ்கான்சே’.

சப்ஜங்க்டிவுக்கு விதி ரொம்ப எளிது. நிகழ்காலத்தில் ‘நான்’ வடிவத்தை எடுத்து, கடைசி ‘ஓ’வை வெட்ட வேண்டும். ‘ஆர்’ என்று முடியும் வினை என்றால் ‘ஏ’ சேர்க்க வேண்டும்; ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடியும் வினைகள் என்றால் ‘ஆ’. தெஸ்கான்சோ, தெஸ்கான்சே. தெங்கோ, தெங்கா. ‘நான்’ வடிவம் ‘ஓ’வில் முடியாத சேர், எஸ்தார், இர், சபேர், அபேர், தார் என்ற ஆறு மட்டும் சொல்பேச்சு கேட்காது. எங்கள் அழைப்புகள் ‘கே தெங்கா உன் புவென் தியா’, நல்ல நாளாக அமையட்டும், என்றுதான் முடிய வேண்டும். தேங்காய் உடைக்காமல் யாரும் போனை வைக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்வேன். ‘அமைதியில்’ என்னும் ‘என் பாஸ்’ வரும்போதும் யாராவது டீம் லீடரைப் பார்த்துச் சிரிப்பார்கள். சாவைப் பற்றிய வாக்கியம் என்று அப்போது யாருக்கும் உறைப்பதில்லை, எனக்கும்தான்.

ரெக்கார்டிங்கில் அவள் சொன்னதற்குப் பிறகு ஒரு மூன்று விநாடி சத்தமில்லை. பிறகு அந்த அம்மா, “ஸி, செஞோரித்தா. யா தெஸ்கான்சா” என்கிறார். ஆமாம்மா, இப்போது ஓய்வில்தான் இருக்கிறார்.

இலக்கணப் பிழை, நாலு மார்க். 88 வந்திருக்க வேண்டியது 84 ஆனது. 85க்குக் கீழே இன்சென்டிவ் கிடையாது.

ஃபீட்பேக்கின்போது அவள் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “தப்புன்னா அந்தம்மா ஏன் மேம் ஆமான்னு சொன்னாங்க?”

“கஸ்டமர் சொல்றது ஆடிட்ல வராது” என்றேன். பதில் சரிதான். எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

நம் ஊரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ‘ஆன்மா சாந்தியடைகிறது’ என்று அடித்தால் அச்சகக்காரரைச் சும்மா விடுவோமா? ‘சாந்தியடையட்டும்’ என்பது வேண்டுதல், ‘அடைகிறது’ என்பது தகவல். ‘வாழ்க’ வேறு, ‘வாழ்கிறார்’ வேறு. வியங்கோள் படித்த நமக்கு இது புரியாமல் போகுமா என்ன? இப்படித்தான் நான் என் பக்கத்தைப் பேசிப் பார்ப்பேன்.

ஆனால் ஸ்பானிஷில் வேண்டுதலைத் தொடங்கும் ‘கே’வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெயருக்குப் பின்னால் வந்தால் அது பெயரெச்சம் போல ஒட்டிக்கொள்ளும். ‘சு எஸ்போசோ, கே தெஸ்கான்சா’ என்றால் ‘ஓய்வில் இருக்கும் உங்கள் கணவர்’. இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. இரங்கல் சொல்லும்போது வழக்கமாக வருவது அது இல்லை, அவ்வளவுதான். அந்த அம்மா காதில் விழுந்தது இந்த வாக்கியமாக இருக்கலாம். நான் கேட்டது விதியை.

ஒருவேளை அவள் வாய் தவறித்தான் சொன்னாளோ என்னவோ. அதிகாலை இரண்டரைக்கு யார் வாயும் தவறும். அடுத்த வாரத் தேர்வில் இதே சொற்றொடர் வந்தது. ‘தெஸ்கான்சே’ என்று சரியாக எழுதியிருந்தாள். நான் வெட்டிய நாலு மார்க்கினால் கற்றுக்கொண்டாளா, முன்பே தெரியுமா? முன்பே தெரியும் என்றால் அன்றைக்கு யோசித்துத்தான் சொன்னாளா? கேட்டிருக்கலாம். கேட்டால் 84ஐப் பற்றியும் பேச வேண்டியிருக்கும் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் வேறு ஷிஃப்டுக்குப் போய்விட்டாள்.

இன்னொன்று. அந்த அழைப்பில் அவள் தேங்காய் உடைக்கவில்லை. கணவரை இழந்தவரிடம் ‘நல்ல நாளாக அமையட்டும்’ என்று சொல்லாமல், மெதுவாக நன்றி மட்டும் சொல்லி முடித்தாள். விதிப்படி அதற்கும் ஐந்து மார்க் வெட்டியிருக்க வேண்டும். நான் வெட்டவில்லை. எவ்வளவு பெருந்தன்மை என்று கொஞ்ச நாள் என்னை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

மார்க்கைத் திருத்தவில்லை. இன்று அதே அழைப்பு ஆடிட்டுக்கு வந்தாலும் வெட்டுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வகுப்பில் ‘தெஸ்கான்சே’ உதாரணத்தை நீக்கிவிட்டேன். இப்போது ‘கே செ மெஹோரே’, உடம்பு தேறட்டும், என்பதை வைத்துத்தான் நடத்துகிறேன். அதில் யாரும் சிரிப்பதில்லை.