இடது கால் ஷஃபிள் சரியா விழுந்துடுச்சு! தென்னாப்பிரிக்கா டர்பன்ல டாப் டான்ஸ் கத்துக்கறேன், வாரம் 7

டாப்னா அடியில உலோக பிளேட் வெச்ச ஷூவால தரையில தாளம் தட்டற டான்ஸ். ஷஃபிள்னா கால முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு தரையில உரசித் தட்டறது. நேத்து கிளாஸ்ல இடது கால் ஷஃபிள் ரெண்டு சத்தமும் தனித்தனியா கேட்டுச்சு, டீச்சர் பாட்ட நிறுத்தி திரும்பப் போடச் சொன்னாங்க, திரும்பவும் கேட்டுச்சு! ராத்திரி பூரா தூக்கமே வரல, அதான் காலைலயே எழுத உக்காந்துட்டேன்.

குரூப் கிடைச்சதே பெரும்பாடு. போன் போட்ட இடத்துல எல்லாம் பொண்ணுக்கு எத்தன வயசுன்னு கேக்கறாங்க, எனக்குத்தான்னா பெரியவங்களுக்கு கிளாஸ் இல்லன்னுடறாங்க. சில ஹால்ல டாப்னாலே ஆகாது, அது நியாயந்தான், ஷூ பிளேட்ல ஒரு ஸ்க்ரூ தலை நீட்டினாப் போதும் மரத்தரை முழுக்க கீறல். நாலு மாசம் தேடி, கடைசியில சாட்ஸ்வர்த்ல எங்க கோயில் ஆன்டி ஒருத்தங்கதான் தன் மருமக போற குரூப்ப சொன்னாங்க. புதன்கிழமை சாயங்காலம், பழைய சர்ச் ஹால், அடியில காலி விட்டு பலகை அடிச்ச தரை, கால் வெச்சா மிருதங்கம் மாதிரி பேசுது.

சரி, ஷஃபிள். பதினோரு வருஷம் பரதம் ஆடின கால் இது. பரதத்துல மொதல்ல கத்துக்கற தட்டடவுல பாதம் முழுசா இறங்கணும், சத்தம் தரைக்குள்ள போகணும். டாப்ல தட்டின உடனே கால் தரைய விட்டுடணும், கணுக்கால் தொளதொளன்னு இருக்கணும். எனக்கு இடது கணுக்கால் கட்டை மாதிரி விறைச்சுக்கிட்டு முன்னால போற சத்தம் மட்டும் வரும், பின்னால வர்றது தேய்ஞ்சு போயிடும். டீச்சர் நாற்காலியில உக்கார வெச்சு கால தொங்கவிட்டு, பீச்ல ஒட்டின மண்ண உதறுற மாதிரி முட்டிலேருந்து உதறுன்னாங்க. அஞ்சு வாரம் அதையேதான் செஞ்சேன்.

அப்புறம் தாளம். ஷஃபிள் முடிஞ்ச உடனே ஒரு முன்பாதத்துலேருந்து அடுத்த காலுக்கு சட்டுன்னு எடைய மாத்தினா அது ஷஃபிள் பால் சேஞ்ச், மொத்தம் நாலு சத்தம், தகதிமின்னு நெனச்சுப் போட்டேன், நாலும் சமமா அழகா விழுந்துச்சு, ஆனா ஸ்விங்னு சொல்ற ஜாஸ் பாட்டுக்கு ஒட்டவே இல்ல. மூணு நாள் மண்டைய உடைச்சப்புறம்தான் பிடிபட்டுச்சு, அது அடிக்கு நாலா பிரியற சதுஸ்ரமே இல்ல, மூணா பிரியற திஸ்ர நடை! ஒவ்வொரு அடியும் தகிட, நடுவுல கி-ய மனசுல மட்டும் சொல்லணும், காலு ட-ல கிளம்பி அடுத்த த-ல இறங்கணும், ட‑த ட‑த. நம்ம பாட்டுல தாளத்துக்கு முன்னாடியே எடுக்கற அதீத எடுப்பு மாதிரி, அடிக்கு முன்னாடியே கிளம்பணும். பரதம் ஆடினவங்க யாராவது டாப் பக்கம் வந்தா இத மொதல்லயே பிடிச்சுக்கோங்க, எனக்கு அந்த மூணு நாள் மிச்சமாயிருக்கும்.

வீட்ல டைல்ஸ் மேல ஆடினா முட்டி போயிடும்னு ஹார்ட்வேர் கடையில பிளைவுட் வெட்டி வாங்கினேன், மூணுக்கு நாலு அடி, பக்கத்து வீட்டு தம்பி பக்கியில (இங்க பிக்கப் வண்டிக்கு அதான் பேரு) ஏத்திட்டு வந்து இறக்கிக் குடுத்தான். அடியில பழைய யோகா மேட். ஒட்டு வீடு, சுவத்துக்கு அந்தப்பக்கம் கைக்குழந்த, அதனால ஏழு மணிக்கு மேல சாக்ஸ்தான். ஸ்க்ரூதான் தீராத தொல்லை, பிளேட்டுக்கு மூணு, வாரா வாரம் ஒண்ணு தளந்து ஙிய்ய்னு அதிரும். ஷூ வாங்கின கடையில கேட்டா உதிரி ஸ்க்ரூ விக்க மாட்டாங்களாம், புது பிளேட் செட்டே வாங்கணுமாம், என்ன வியாபாரம் இது!

குரூப்ல ஒரு ஜூலு அண்ணன் கம்பூட் டான்ஸ் ஆடறவர். ரப்பர் பூட்ஸ கையால அறைஞ்சு, காலால மிதிச்சு தாளம் போடறது, அதுக்கு அவங்க மொழியில இசிக்கத்தூலோன்னு பேரு, ஷூன்னே அர்த்தமாம். அவர்கிட்ட அதையும் கத்துக்கணும்.

மே 25 பேர்போன அமெரிக்க டாப் டான்ஸர் பில் ரோபின்சன் பிறந்தநாள், 1878ல பிறந்தவர், அமெரிக்காவுல 1989லேருந்து அன்னிக்குத்தான் டாப் டான்ஸ் தினம். அன்னிக்கு எல்லாரும் சேந்து ஷிம் ஷாம் ஆடறோம், டாப் ஆடறவங்க எல்லாருக்கும் பொதுவான ஒரு சின்ன ஆட்டம் அது. அதுல மூணாவது பகுதி டேக் ஆனி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, மொதல்ல இந்த இடது கால் வேகத்துலயும் நிக்கட்டும். தாளம் தட்டற மெட்ரோனோம் கருவியில நிமிஷத்துக்கு 100 அடி வரைக்கும் சுத்தமா வருது, 110ல பின் சத்தம் மறுபடி தேயுது. இப்ப பலகைய விரிக்கப் போறேன்.