மகளின் படமும் இருபத்தெட்டு அங்குலக் கணக்கும்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்காக 1982 முதல் ஆண்டுதோறும் காங்கிரஷனல் ஆர்ட் காம்பெடிஷன் என்ற ஓவியப் போட்டி நடக்கிறது. பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் தத்தம் தொகுதியில் நடத்துவது. தொகுதிக்கு ஒரு படம்தான் முதலிடம். அது வாஷிங்டனில், உறுப்பினர்களின் அலுவலகங்கள் இருக்கும் கேனன் கட்டடத்திலிருந்து நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிடலுக்குப் போகும் சுரங்கப் பாதையில் ஓராண்டு மாட்டப்பட்டிருக்கும். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பத்தாம் வகுப்பில் இருந்தபோது மகள் இதில் கலந்துகொண்டாள்.

திருச்சியில் இருக்கும் அண்ணனிடம் சொன்னதும், "எம்.பி. ஆபீஸா? உள்ளே யாரையாவது தெரியுமா?" என்றுதான் முதலில் கேட்டார். அதெல்லாம் தேவைப்படவில்லை. எங்கள் தொகுதியில் படங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் உள்ளூர் ஓவியர்கள்.

விதிகளில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது, படம் மாணவரின் சொந்தக் கற்பனையாக இருக்க வேண்டும் என்பது. மகள் ஒரு பத்திரிகையில் வந்த புலியின் போட்டோவைப் பார்த்து சார்கோலில், அதாவது கரிக்குச்சியில், வரைவதாக இருந்தாள். அது கூடாது. வேறொருவர் எடுத்த போட்டோவைப் பார்த்து அப்படியே வரைந்தால், வண்ணத்தை மாற்றினாலும் பென்சிலுக்குப் பதில் பெயின்ட் எடுத்தாலும் நகல் நகல்தான். தானே எடுத்த போட்டோவை வைத்து வரையலாம். "எல்லாரும் அப்படித்தானே வரையறாங்க" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. சின்ன வயதிலிருந்து காலண்டரையும் சினிமா ஸ்டில்லையும் பார்த்து வரைந்து கைதட்டல் வாங்கிய பிள்ளைகளுக்கு, எதை வரைவது என்று தானே முடிவு செய்யும் வேலை வந்ததே இல்லை.

அப்புறம் இந்தியக் கடைகள் நிறைந்த எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கப் போனபோது, முருங்கைக்காய்க் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு போனில் சில படங்கள் எடுத்தாள். அதில் ஒன்றுதான் ஓவியமானது. புலியைவிட நூறு மடங்கு நன்றாக வந்தது என்பது என் கருத்து. அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அளவு விஷயத்தில் கவனம் வேண்டும். மகள் கலந்துகொண்ட ஆண்டில் ஃபிரேமோடு சேர்த்து 28 அங்குல நீளம், 28 அங்குல அகலம், 4 அங்குலத் தடிமனுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி; இந்த அளவு மாறுவதுண்டு, அந்தந்த ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் ஃபிரேமின் மேல் எழுதியிருப்பது உள்ளளவு. பள்ளியில் வழக்கமாகக் கொடுக்கும் 18க்கு 24 தாளைச் சுற்றி இரண்டு அங்குல மேட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை ஓரம்) வைத்தாலே ஒரு பக்கம் 28 ஆகிவிடும், ஃபிரேமின் சட்டத்துக்கு இடமே இருக்காது. அதனால் 16க்கு 20 தாளில் வரைந்தாள். மேட்டோடு 20க்கு 24, சட்டத்தையும் சேர்த்தால் 23க்கு 27 சொச்சம். எடைக்கும் வரம்பு உண்டு என்பதால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு போட்டோம். சார்கோல் உதிராமலிருக்க ஃபிக்ஸேட்டிவ் என்ற ஸ்ப்ரே அடிக்க வேண்டும். அதை கராஜ் கதவைத் திறந்து வைத்து அடியுங்கள், வீட்டுக்குள் வேண்டாம்.

படிவத்தில் மாணவர், பெற்றோர், ஓவிய ஆசிரியர் என மூன்று கையெழுத்து கேட்டார்கள். ஆசிரியருடையதை வசந்த விடுமுறைக்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது. கடைசித் தேதி அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். பக்கத்துத் தொகுதியில் இருக்கும் தோழியின் மகனுக்கு எங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது. அதனால் அடுத்தவர் சொல்லும் தேதியை நம்பாமல், உங்கள் உறுப்பினரின் உள்ளூர் அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள்.

மகளுக்கு முதலிடம் கிடைக்கவில்லை, ஒரு சான்றிதழ் கிடைத்தது. பரிசளிப்பு மாலையில் எல்லாப் படங்களையும் சுவரில் வரிசையாக வைத்திருந்தார்கள். முதலிடம் வாங்கிய படத்தின் முன் அவள் வெகுநேரம் நின்றாள். திரும்பி வரும்போது காரில் அதில் நிழல் போட்டிருந்த விதத்தைப் பற்றியே பேச்சு.

ஜெயிக்கும் வாய்ப்பு இருப்பவர்களுக்கு ஒன்று: படம் வாஷிங்டன் போனால் ஓராண்டுக்குக் கைக்கு வராது. கல்லூரி விண்ணப்பத்துக்கு அது தேவைப்படும் என்றால், ஃபிரேம் போடுவதற்கு முன்பே நல்ல வெளிச்சத்தில் தெளிவாகப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.