கிரேடு தேர்வுக்கு மலிவு விலைக் கிதார்: வாங்கும்முன் நான் சோதித்திருக்க வேண்டியவை

டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் அக்கூஸ்டிக் கிதார் கிரேடு தேர்வுக்குத் தயாரான முதல் நான்கு மாதங்களும் நான் என் விரல்களையே நொந்துகொண்டிருந்தேன். மூன்று பாடல்கள், ஒவ்வொன்றுக்கும் 22 மதிப்பெண் என 100-இல் 66 வாசிப்புக்கே போகும் தேர்வில், எஃப் கார்டு (பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரும் இடத்திலெல்லாம் இரண்டு தந்திகள் ஊமையாகிவிடும். ஒருநாள் ஆசிரியர் தம்முடைய கிதாரைக் கொடுத்து அதே பகுதியை வாசிக்கச் சொன்னார். ஆறு தந்திகளும் பேசின.

கடையில் ஜி கார்டை மீட்டிப் பார்த்து, ஓசை கணீரென்றிருக்கிறது என்று வாங்கிவந்த கிதார் என்னுடையது. திறந்த தந்திகளை, அதாவது விரலால் அழுத்தாத தந்திகளை, அதிகம் பயன்படுத்தும் கார்டுகளில் மட்டமான கிதார்கூட ஏமாற்றிவிடும்; அதன் உண்மையான குணம் 12-ஆம் ஃபிரெட்டில்தான், அதாவது கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் பன்னிரண்டாவதில்தான், தெரியும். அந்த ஃபிரெட் கம்பிக்கு நேர்மேலே தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டி, ஹார்மோனிக் எனும் மணி போன்ற மெல்லிய ஓசையை எழுப்புங்கள். பிறகு அதே இடத்தை அழுத்தி வாசியுங்கள். இரண்டும் டியூனரில் (சுருதி காட்டும் கருவி) ஒரே சுரமாக நிற்க வேண்டும். என் கிதாரில் அழுத்திய சுரம் ஏறியே நின்றது. தந்தி ஃபிரெட்டுக்கு மேலே அதிக உயரத்தில் இருந்தால் அழுத்தும்போது அது கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறும். அப்படிப்பட்ட கிதாரை எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் மேல் ஃபிரெட்டுகள் பிசகும். துருப்பிடித்த பழைய தந்திகளும் இதே கோளாறைக் காட்டக்கூடும் என்பதால், கடைக்காரர் முகம் சுளித்தாலும் புதுத் தந்தி மாட்டச் சொல்லிச் சோதிப்பதே முறை.

உயரத்தை அளக்கப் பழைய ஏடிஎம் அட்டைகள் போதும். ஓர் அட்டையின் தடிமன் 0.76 மி.மீ.; மூன்றை அடுக்கி 12-ஆம் ஃபிரெட்டில் ஆறாம் தந்திக்கு (எல்லாவற்றிலும் தடித்தது) கீழே நுழைத்தால் தந்தியை உரசினாற்போல் நிற்க வேண்டும். என்னுடையதில் ஐந்து அட்டைகள் தாராளமாக நுழைந்தன. கிதாரின் உடலில் தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு பட்டையான சேடிலின் அடிப்பகுதியை 1 மி.மீ. தேய்த்தால் 12-ஆம் ஃபிரெட்டில் தந்தி பாதி மில்லிமீட்டர்தான் இறங்கும். ஆகவே கையில் வாங்கும்போதே சேடில், அது பொருந்தியிருக்கும் மரக்கட்டையான பிரிட்ஜுக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். தேய்க்க இடமில்லாத கிதாரை விட்டுவிடுவது நல்லது. முதல் ஃபிரெட்டில் மட்டும் விரல் நோகிறது என்றால் குறை நட்டில் (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகள் செல்லும் பள்ளங்கள் உள்ள பட்டை) இருக்கும், அதைச் சரிசெய்வது எளிது.

ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் தனித்தனியாக அழுத்தி, கரகரப்பு வருகிறதா என்று கேட்பதற்குப் பத்து நிமிடம் ஆகும். அதைச் சுருக்க வழியில்லை.

நான் அடுத்து வாங்கிய யமஹா எஃப்310-இன் முகப்பு ஒட்டுப்பலகைதான். முழுப்பலகைக் கிதாரின் ஆழ்ந்த ஓசையை அதில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் முழுப்பலகை அளவுக்கு அது ஊதிச் சுருங்குவதில்லை. தொடக்கக் கிரேடுகளுக்கு ஓசையின் ஆழத்தைவிடச் சுருதி பிசகாமையே முக்கியம் என்பது என் கருத்து. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே தந்திகளை மாற்றிவிட்டேன். புதுத் தந்தி இழுபட்டு நிலைகொள்ள இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.