ஜல்லிய ஏன் மண்ணுக்குள்ள புதைக்கிறீங்க?

மலையில வீடு கட்டுறவங்க எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு, தலைப்பே அதான். பின்பக்கம் தடுப்புச் சுவர் எழுப்பி, சுவருக்கும் மண்ணுக்கும் நடுவுல ஒரு அடி அகலத்துக்கு நல்ல நாப்பது எம்எம் ஜல்லிய கொட்டுறப்ப, பக்கத்துல நிக்கிற ஓனர் முகம் மாறும். அந்த முகத்த நான் ஒரு அம்பது அறுவது தடவையாவது பாத்திருப்பேன். காசு குடுத்து வாங்கின ஜல்லி, யார் கண்ணுக்கும் தெரியாம புதைஞ்சு போகுதுல்ல, அவர் வயித்தெரிச்சல் எனக்குப் புரியும்.

நான் டிப்ளமோ முடிச்சு குன்னூர் பக்கம் ஒரு காண்ட்ராக்டர்கிட்ட சேந்தது 2009 ஜூன்ல. அஞ்சே மாசத்துல நவம்பர் மழை. நீலகிரிக்காரங்களுக்கு வருசத்த சொன்னாலே போதும். நவம்பர் 10 அன்னைக்கு கேத்தியில ஒரே நாள்ல 820 மில்லிமீட்டர், ரெண்டே முக்கால் அடி தண்ணி வானத்துல இருந்து. குன்னூர், கேத்தி, கோத்தகிரின்னு எல்லா பக்கமும் சரிஞ்சுது, நாப்பது பேருக்கு மேல போயிட்டாங்க. நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப 1993 மரப்பாலம் சரிவப் பத்தி பெரியவங்க பேசக் கேட்டு வளந்தவங்க, ஆனா கேக்குறது வேற, நம்ம நடந்து போன ரோடு மறுநாள் காலையில இல்லாம இருக்குறத பாக்குறது வேற. அப்ப நான் நெனச்சது என்னன்னா மண்ணு கனமா இருக்கு, சுவரு பத்தல, இன்னும் பெருசா கட்டணும், அவ்ளோதான். எவ்ளோ தப்பா யோசிச்சிருக்கேன்னு புரிய இன்னும் மூணு வருசம் ஆச்சு, அதுவும் என் கையாலயே ஒண்ண கெடுத்த பிறகு.

அது 2012. நானே நின்னு கட்டின மொத சுவர், பத்தடி உயரம், கருங்கல்லு, சிமெண்ட் கலவை. கல்லுக்கு கல்லு பாயிண்டிங் வச்சு அப்படியே போட்டோ எடுத்து ஃப்ரேம் போடலாம் போல இருந்துச்சு. ட்ராயிங்ல பின்பக்கம் ஜல்லின்னு போட்டிருந்துச்சு, ஓனர் இதே கேள்விய கேட்டாரு, எங்க முதலாளி "சரி விடுப்பா, தோண்டுன மண்ணையே போட்டு மூடு"ன்னாரு, நானும் மூடிட்டேன். தண்ணி வடியுறதுக்கு சுவத்துல விடுற ஓட்டை, வீப் ஹோல், அது வச்சோம், வைக்காம இல்ல. ஆனா கடைசி நாள் பாயிண்டிங் பண்ண வந்த பையன், ஓட்டை ஓட்டையா இருந்தா அசிங்கமா இருக்குன்னு பாதிய கலவை வச்சு அடைச்சிட்டான், மீதிய பின்னாடி இருந்த களிமண்ணே அடைச்சிருச்சு. நான் பாத்தேன். பாத்துட்டு நீட்டா இருக்குன்னு சொல்லிட்டு பில்லுல கையெழுத்து போட்டேன். அந்தக் கையெழுத்து என்னோடது, அந்தப் பையன சொல்லி குத்தமில்ல.

நவம்பர்ல போன் வந்துச்சு. போய் தூக்குகுண்டு விட்டுப் பாத்தா நடுவுல மூணு இஞ்சு வெளிய வந்திருக்கு, சுவரு வயித்த தள்ளிட்டு நிக்குது. எங்க மேஸ்திரி, அறுவது வயசுக்காரர், எதுவும் பேசல, சுவத்துல கைய வச்சு கொஞ்ச நேரம் நின்னாரு. "சார், உள்ளார தண்ணி நிக்குதுங்க, இப்பவே தொறந்து விடணும், ஆனா யாரும் முன்னால நிக்காதீங்க"ன்னாரு. சைடுல சாரம் போட்டு, ஓரமா நின்னுகிட்டே, மேல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு ஓட்டையா ட்ரில்லு போட்டோம். மூணாவது ஓட்டையில பீச்சி அடிச்சுது பாருங்க, டிகாஷன் கலர்ல தண்ணி, ஆறடி தள்ளி போய் விழுந்துச்சு. நிக்கவே இல்ல, முக்கா மணி நேரம் ஓடுச்சு. அந்த சுவர் அன்னைக்கு விழல, ஆனா அடுத்த கோடையில பிரிச்சு மறுபடி கட்ட வேண்டியதாச்சு, என் ஆறு மாச சம்பளத்துல பாதி அதுல போச்சு.

அன்னைக்கு நைட்டு ரூம்ல உக்காந்து காலேஜ் நோட்ட எடுத்து கணக்கு போட்டேன். மண்ணு சுவத்த எவ்ளோ தள்ளும்னு சொல்ற, பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின அதே ராங்கின் ஃபார்முலாதான். பத்தடி, அதாவது மூணு மீட்டர் உயரத்துக்கு சாதாரண ஈரமான மண்ணு, ஒரு மீட்டர் நீள சுவத்த தள்ளுறது சுமார் ரெண்டே முக்கால் டன். அதே மண்ணு பின்னாடி தண்ணி முழுசா நின்னுட்டா கிட்டத்தட்ட ஆறு டன். ரெண்டு மடங்குக்கு மேல! நான் சுவத்த ரெண்டே முக்கால் டன்னுக்கு கட்டிட்டு ஆறு டன்ன கொண்டு வந்து ஏத்தியிருக்கேன். அப்ப அந்த ஒரு அடி ஜல்லி என்ன பண்ணுதுன்னா, சுவத்து மேல தண்ணியோட பாரம் ஏறாம பண்ணுது. தண்ணி வந்ததும் ஜல்லி வழியா நேரா கீழ இறங்கி, அடியில கிடக்குற ஓட்டை போட்ட பைப்புல சேந்து வெளிய போயிரும். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவுல தண்ணிய விட்டு மண்ண பிடிச்சு வைக்கிற ஜியோடெக்ஸ்டைல் துணி ஒண்ணு விரிக்கணும், இல்லன்னா நம்ம ஊரு செம்மண்ணு ரெண்டே மழையில ஜல்லிக்குள்ள பூந்து மறுபடி களிமண்ணா ஆக்கிடும்.

இதெல்லாம் தெரிஞ்ச பிறகு பண்ணின வேலைகள்ல ஒண்ண மட்டும் சொல்றேன், ஏன்னா அதுல சுவத்த எப்படி தேர்ந்தெடுக்குறதுன்னு ஒரு முழுக் கதையும் இருக்கு.

கோத்தகிரி பக்கம், ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர், கோயம்புத்தூர்க்காரர். வீடு ஏற்கனவே கட்டி முடிச்சாச்சு. வீட்டுக்குப் பின்னாடி 28 அடி ஆழம், 45 அடி அகலம், ஆனா அந்த 28 அடிக்குள்ள 11 அடி ஏறுது. மேல எல்லைக்கு அந்தப்பக்கம் இன்னொருத்தரோட டீ எஸ்டேட். வாத்தியார் கேட்டது, "தம்பி, எல்லை வரைக்கும் வெட்டி மட்டம் பண்ணிருவோம்ங்க, கடைசியில ஒரே சுவரா எழுப்பிருங்க, பேரப்பசங்க ஷட்டில் ஆடணும்."

நான் உடனே பதில் சொல்லாம மேல ஏறிப் போய் மரத்த பாத்தேன். அவருக்கு நான் வேலைய விட்டுட்டு வேடிக்கை பாக்குற மாதிரி இருந்திருக்கும். டீக்கு நிழலுக்கு வச்ச சில்வர் ஓக்கு அஞ்சாறு நின்னுச்சு, அதுல ரெண்டு மரம் அடியில சாஞ்சு வளைஞ்சு அப்புறம் மேல நேரா போகுது. மரம் எப்பவும் வானத்த பாத்துதான் வளரும், அடியில வளைஞ்சிருக்குன்னா கீழ மண்ணு மெதுவா நகந்துட்டு இருக்குன்னு அர்த்தம், வருசத்துக்கு ஒரு நூல் ரெண்டு நூல். அந்த மண்ணோட கால்ல போய் 11 அடி வெட்டுறதுன்னா, தூங்குறவனோட கட்டில் காலை அறுக்குற மாதிரி.

அடுத்த விஷயம் ரொம்ப பேருக்குத் தெரியாது. 11 அடி சுவரு எல்லையில நிக்கும், சரி, அதோட பாதம் எங்க போகும்? ஆர்சிசி சுவர்னா அடியில உயரத்துல பாதிக்கு மேல அகலம் வேணும், ஆறடி வச்சுக்கங்க, அதுல பெரும்பகுதி மண்ணுக்கு அடியில பின்பக்கமா போகணும், அந்த மண்ணோட கனம் பாதத்து மேல உக்காந்துதான் சுவத்த சாயாம பிடிக்குது. அப்ப எல்லையில சுவர் கட்டினா பாதம் அடுத்தவன் டீத்தோட்டத்துக்குள்ள இருக்கும். கேட்லாக்ல அழகா இருக்குற இன்டர்லாக் பிளாக் சுவரும் இதே கதைதான், பின்னாடி ஜியோகிரிட் வலைய உயரத்துல முக்கால்வாசி தூரத்துக்கு விரிக்கணும். வாத்தியார் ஒரு நிமிசம் யோசிச்சுட்டு, "அப்ப சுவர நாலடி உள்ள தள்ளி கட்டணும்"னாரு. சரின்னுதான் சொல்லணும், ஆனா அதுக்கு 11 அடிய செங்குத்தா வெட்டி, பாதம் போட்டு, கம்பி கட்டி, கான்கிரீட் காயுற வரைக்கும் அந்த மண்ணு சும்மா நிக்கணுமே. காஞ்ச செம்மண்ணு சுவரு மாதிரி நிக்கும், பாக்க ரொம்ப தைரியமா இருக்கும், ஒரே ஒரு மழை பெஞ்சா கஞ்சி. கீழ குனிஞ்சு கம்பி கட்டுறவன் மேலதான் அது வந்து விழும். நீலகிரியில வருசா வருசம் பேப்பர்ல வர்ற செய்தி அது.

அதுக்கு மேல மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னாரு, "ஏனுங்க வாத்தியாரே, ஒரே ஆளு ஒரு மூட்டை நெல்ல தூக்கறதுக்கு ரெண்டு பேரு ஆளுக்கு பாதி தூக்கலாமல்லங்க?" உண்மையில கணக்கு அதவிட நமக்கு சாதகம். உயரம் பாதியானா தள்ளுற விசை கால்வாசி, சாய்க்கிற திருப்பம் எட்டுல ஒரு பங்கு. அதனால பதினோரு அடி ஒரே சுவருக்கு பதிலா ரெண்டு குட்டிச் சுவர்.

கடைசியா வந்த பிளான் இதுதான். வீட்டுல இருந்து 12 அடி மட்டமா விட்டோம், அங்க நாலரை அடி சுவரு. அதுக்கு மேல ஒம்பது அடிக்கு ஒரு படி, அது லேசா ஒரு அடி ஏறும். அப்புறம் நாலடியில ரெண்டாவது சுவரு. கடைசி ஏழடி கைய வைக்கல, இருந்த சரிவு அப்படியே. அந்த ஒம்பது அடி சும்மா போட்டதில்ல, கீழ் சுவரோட உயரத்துல ரெண்டு மடங்கு. மேல் சுவரு அதவிட கிட்ட வந்துட்டா அதோட பாரம் கீழ் சுவத்து முதுகுல ஏறிரும், அப்புறம் ரெண்டு சுவருன்னு பேருக்குத்தான், கணக்குக்கு ஒரே பெரிய சுவரு. ஷட்டில் கோர்ட் போச்சுன்னு வாத்தியாருக்கு வருத்தம்தான். அவர் வீட்டு டீச்சரம்மா மட்டும் நடுப் படிய பாத்து "இதுல கேரட்டு பீன்ஸு போடலாமே"ன்னாங்க, அதுல பாதி பிரச்சனை தீந்துச்சு.

என்ன சுவருன்னு முடிவு பண்றதுல லாரிதான் பேசுச்சு. ரோட்டுல இருந்து வீட்டுக்கு இருநூறு மீட்டர் நடைபாதை. ரெடிமிக்ஸ் பத்தி பேச்சே இல்ல, கம்பியும் சிமெண்டும் தலைச்சுமை. கேபியன்னு சொல்ற, கல்லு நிரப்பின கம்பிக்கூண்டு போட்டா நல்லாதான் இருக்கும், கொஞ்சம் அசைஞ்சாலும் உடையாது, தண்ணி தானா வடியும், ஆனா வாத்தியார் "கோழிக்கூண்டு வேணாம் தம்பி"ன்னு ஒரே போடு. ஹாலோ பிளாக்க அடுக்கி சுவரு எழுப்பலாம்னு அவரோட மச்சான் ஒரு யோசனை சொன்னாரு, அத நான் காதுலயே வாங்கல. நாலரை அடிதான, சிமெண்ட் போடாத கருங்கல் கட்டே போதும்னு முடிவு பண்ணினேன். மலைப்பகுதி தடுப்புச் சுவருக்குன்னே ஐஎஸ் 14458னு ஒரு இந்திய தர வழிகாட்டி இருக்கு, அதுல 1998ல வந்த மூணாம் பாகம் முழுக்க சிமெண்ட் போடாத கல்லுக் கட்டப் பத்திதான், ஆனா மேஸ்திரி அதப் படிக்காமலே அப்பன் காலத்துல இருந்து அதத்தான் பண்ணிட்டு இருக்காரு. மேல ரெண்டடி அகலம், அடியில மூணடி, முகம் மலைப்பக்கமா சாஞ்சிருக்கும், கல்லு வரிசையும் உள்பக்கம் சரிவா படுக்கும், நடுநடுவுல சுவத்தோட முழு அகலத்துக்கும் குறுக்க ஓடுற நீளக்கல்லு. சுவரே முழுக்க ஓட்டை, வீப் ஹோல் அடைச்சிருமோன்னு நான் பயப்பட வேண்டியதில்ல.

கலெக்டர் அனுமதி இல்லாம ஜேசிபி இறக்க முடியாது, எப்படியும் அந்தப் பாதையில வராது, அதனால கைவெட்டு. அதுவும் ஜனவரிக்கு மேல, ஒரே நீளமா இல்லாம எட்டடி வெட்டி எட்டடி விட்டு, சீப்புப் பல்லு மாதிரி. வெட்டின இடத்துல சுவரு ஏறின பிறகுதான் விட்ட இடத்த தொடணும். மேஸ்திரியோட ஆளுங்க ஏழு பேரு, ரெண்டரை மாசம்.

ஜல்லி வந்துச்சு. ரெண்டு சுவருக்கும் சேத்து நாலு யூனிட், இருநூறு மீட்டர் தலைச்சுமை. வாத்தியார் கூடைய எண்ணிட்டு நின்னாரு, அப்புறம் எதிர்பாத்த கேள்வி வந்துச்சு. நான் எதுவும் விளக்கல. போன்ல வச்சிருக்கேன் 2012 சுவரு போட்டோ, அந்த வயித்த தள்ளிட்டு நிக்கிறது, அத காட்டினேன். "யாரு கட்டுனது இது?"ன்னாரு. "நான்தான் சார்"னேன். அதுக்கப்புறம் கூடைய எண்ணல.

அந்த வருசம் அக்டோபர் கடைசியில மழை பிடிச்சப்ப காலையில ஆறு மணிக்கு போன். "தம்பி, உங்க சுவரு பூரா ஒழுகுதுங்க, எல்லா சந்துலயும் தண்ணி வருது." கலங்கலா வருதா தெளிவா வருதான்னு கேட்டேன், தெளிவாத்தான்னாரு, நான் மறுபடி போர்வைய இழுத்து மூடிட்டேன். கலங்கலா வந்தா மண்ணு வருதுன்னு அர்த்தம், அப்ப ஓடணும். ஆனா பதினோரு மணிக்கு இன்னொரு போன், இந்தத் தடவை வேற நம்பர், கீழ் வீட்டுக்காரரு. சுவத்தடியில போட்ட வாய்க்கா வீட்ட சுத்தி வந்து ரோட்டு வாய்க்காவுல சேரணும்னு பிளான், ஆனா திரும்புற மூலையில தண்ணி வேகம் தாங்காம பாதி அவர் வாசல்ல போய் விழுதாம். அது என் தப்பு, சுவத்த மூணு மாசம் யோசிச்சவன் அந்த மூலைய மூணு நிமிசம் யோசிக்கல. ரெயின்கோட்ட மாட்டிட்டு போனா, வாத்தியாரும் கீழ் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு குடையோட அந்த மூலையில நின்னு, தண்ணி யாரோட எல்லையில திரும்புதுன்னு தகராறு பண்ணிட்டு இருந்தாங்க. மேஸ்திரி எனக்கு முன்னாடியே வந்து, தலையில சாக்க போத்திட்டு, மண்வெட்டியால வாய்க்காவ இன்னும் ஒரு அடி ஆழமாக்கிட்டு இருந்தாரு.