கடற்கரை மாட்டில் எத்தனை பங்கு ஜெர்சி இருக்கலாம்?

தொண்டி முதல் ஏர்வாடி வரை கலப்பின மாடு வாங்குபவர்கள் எத்தனை லிட்டர் கறக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதில் எத்தனை பங்கு ஜெர்சி என்று கேட்பவர் குறைவு.

திமில் மாடு சிந்துவெளிப் பக்கம் சுமார் 8000 வருஷத்துக்கு முன் பழக்கப்பட்டது. ஜெர்சியின் முன்னோர் மேற்காசியாவில் பழகி, குளிர்நாட்டுக்குப் போனவை. நாட்டு மாடு வெயில் தாங்க வேர்வைதான் காரணம் என்பார்கள். வேர்வைச் சுரப்பி பெரிதுதான், முடியும் குட்டைதான். ஆனால் அதன் உடம்புக்குள் உண்டாகும் சூடே குறைவு. கரையோரத்தில் இதுதான் கைகொடுக்கும். ஈரக் காற்றில் வேர்வை சீக்கிரம் காயாதே!

வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து மாட்டை எவ்வளவு வாட்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெப்பத்தை 0.8ஆல் பெருக்குங்கள். வெப்பத்தில் 14.4ஐக் கழித்து, ஈரப்பதம் 75 சதம் என்றால் 0.75ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி 46.4 சேருங்கள். கரையில் 33 டிகிரி, 75 சதம் என்றால் சுமார் 87 வரும். உள்நாட்டில் 38 டிகிரி, 35 சதத்துக்கு 85தான். அதிகம் கறக்கும் சீமை மாட்டுக்கு 72 தாண்டினாலே தொந்தரவு.

நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டால் கன்று 50 சதம் ஜெர்சி. அதற்கும் ஜெர்சியே போட்டால் 75, அடுத்த தலைமுறையில் 87.5. கூடுதல் பால் ஆசையில் இப்படி ஏற்றிக்கொண்டே போவதுதான் தப்பு, 50க்கும் 62.5க்கும் நடுவில் நிறுத்த வேண்டும். கையில் இருப்பது 75 சத மாடு என்றால், 50 சதக் கலப்பினக் காளையின் விந்துக்குச்சி கேளுங்கள், கன்று 62.5க்கு இறங்கும். சினை ஊசி போட்ட சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அது இல்லாவிட்டால் பங்கு தெரியாது. நிறத்தை வைத்துச் சொல்வதெல்லாம் வெறும் ஊகம்.

இருக்கிற மாடு தாங்குகிறதா என்று பார்க்க, மதியம் 3 மணிக்கு அள்ளை ஏறி இறங்குவதை அரை நிமிஷம் எண்ணி இரட்டியுங்கள். 60 தாண்டினால் சூடு ஏறுகிறது என்று அர்த்தம். விடியற்காலை கறவைக்கு முன்னாலும் எண்ணுங்கள். அப்போதும் இறங்காவிட்டால் ராத்திரி சூடு வெளியேறவில்லை. பனையோலைக் கொட்டகையில் பக்கத் தட்டியை எடுத்துவிட்டுக் காற்றை விடுங்கள். தண்ணீர் தெளித்தால் தோல் வரை நனைய வேண்டும். உடனே காற்றாடி ஓட வேண்டும். காற்றில்லாமல் முடியின் மேல் நனைத்து விட்டால் மாடு ஆவிக்குள் நிற்கிற மாதிரிதான்.